பழைய ஆங்கிலேய மரச்சாமான், கடிகாரம், வெள்ளிப் பாத்திரம்: பார்ப்பது, விவரிப்பது, மதிப்பிடுவது – முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் இருக்கும் ஏலக் கூடங்களில் விவரக் குறிப்பு எழுதும் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். பொருளின் முன்னால் நின்றதுமே "எந்தக் காலம்? என்ன விலை போகும்?" என்று கேட்டுவிடுகிறார்கள். மனதில் ஒரு பதில் விழுந்துவிட்டால், அதற்கப்புறம் கண் அந்தப் பதிலுக்குச் சாதகமானதை மட்டும்தான் பார்க்கும்.

அதனால் இந்த வழிகாட்டியில் வரிசைதான் உயிர். முதலில் விவரிப்பு, அப்புறம் கட்டுமானம், பிறகு மாற்றங்கள், அதன் பிறகே காலம். விலை எல்லாவற்றுக்கும் கடைசி. வரிசையை மாற்றினால் எத்தனை படித்திருந்தாலும் ஏமாறுவீர்கள்.

1. தொடங்குமுன் எடுத்துவைக்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப், சின்ன டார்ச், அளவுநாடா, கிராம் காட்டும் தராசு, ஒரு காந்தம், பல் மருத்துவர் வைத்திருப்பதைப் போன்ற சிறிய கண்ணாடி, பென்சில், நோட்டு. பேனா வேண்டாம். மை ஒரு சொட்டு டயலிலோ மரத்திலோ பட்டால் அது அங்கேயே நின்றுவிடும்.

டார்ச்சை நேராக அடிக்காதீர்கள். பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். அப்போதுதான் ஒட்டுப்போட்ட இடம், சுரண்டிய பள்ளம், அழித்த எழுத்து எல்லாம் நிழலாகத் தெரியும்.

வெள்ளிக்குக் கையுறை போடுங்கள், விரல்ரேகை கறையாகப் படியும். மரத்துக்கு வெறுங்கைதான் நல்லது. ரம்பத் தடத்தையும் இழைப்புளித் தடத்தையும் கண்ணுக்கு முன்னால் விரல்நுனி கண்டுபிடித்துவிடும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: பார்க்கும் முன் எதையும் துடைக்காதீர்கள், மெருகு போடாதீர்கள். மூலையில் படிந்த அழுக்குகூட சாட்சிதான். கடிகாரத்தின் பித்தளை டயலில் மணி எண்கள் பொறித்த வளையத்தின் மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சு இருக்கும். உலோகப் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் சில நிமிடத்தில் அது போய்விடும்.

2. பெயர் சூட்டாமல் எழுதுங்கள்

முதல் குறிப்பில் "ஜார்ஜியன்", "விக்டோரியன்", "சிப்பன்டேல்" போன்ற காலப் பெயர்களோ தச்சர் பெயர்களோ வரவே கூடாது. கண்ணால் கண்டது மட்டும்: "நான்கு அடுக்கு இழுப்பறைகள், மேல் அடுக்கில் இரண்டு சிறியவை. வெளியே மகாகனி, உள்ளே ஓக். பித்தளைக் கைப்பிடிகள். கால்கள் தாழ்வானவை, பின்கால் ஒன்று வேறு நிறம்."

அப்புறம் அளவு: உயரம், அகலம், ஆழம், எப்போதும் இதே வரிசையில். அகலத்தை மிக அகன்ற இடத்தில் எடுங்கள், பெரும்பாலும் அது மேல்பலகையின் விளிம்பு. பிறகு படம்: முன், பின், அடி, உள், முத்திரை அல்லது கையெழுத்து.

பொருள் எங்கிருந்து வந்தது என்று உரிமையாளரிடம் கேளுங்கள். பழைய ரசீது, காப்பீட்டுக் கடிதம் இருந்தால் படமெடுங்கள். ஆனால் வாய்வழிச் செய்தியைத் தனிப் பக்கத்தில், "உரிமையாளர் சொன்னது" என்ற தலைப்பில் எழுதுங்கள். "கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் இருக்கிறது" என்பது உண்மையாகவே இருக்கலாம். கொள்ளுத்தாத்தா அதைப் புதிதாக வாங்கினாரா, பழையதாக வாங்கினாரா என்பதை அது சொல்லாது.

3. மரச்சாமான்: இழுப்பறையிலிருந்து தொடங்குங்கள்

அலமாரியின் முகத்தை இருநூறு ஆண்டுகளாகப் பலர் மெருகேற்றியிருப்பார்கள். இழுப்பறையின் பக்கப்பலகையை யாரும் மெருகேற்றுவதில்லை. உண்மை அங்கேதான் இருக்கும்.

ஒரு இழுப்பறையை முழுதாக வெளியே எடுத்து வெளிச்சத்தில் வையுங்கள். முன்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலையில் 'புறா வால்' மூட்டுகள் இருக்கும், அதாவது புறாவின் வால்போல விரிந்த பற்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் மூட்டுகள். கையால் அறுத்தவை ஒன்றுக்கொன்று கொஞ்சம் வேறுபடும். தச்சர் அறுக்குமுன் கீறிய குறிக்கோடு அருகிலேயே மெல்லிசாகத் தெரியும். எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவில் இருந்தால் இயந்திர வேலை. அப்படியானால் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு முன் போக முடியாது. எல்லா இழுப்பறைகளையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே கை செய்ததா என்பது அப்போதுதான் புரியும்.

கவிழ்த்து அடிப்பலகையைப் பாருங்கள். மரத்தின் வரி முன்னிருந்து பின்னாக ஓடினால் சுமார் 1740-க்கு முந்திய பழக்கம். இடமிருந்து வலமாக ஓடினால் அதற்குப் பிந்தியது. நல்ல பட்டறைகளுக்குத்தான் இந்தக் கணக்கு சரியாகப் பொருந்தும். கிராமத்துத் தச்சர்கள் பழைய முறையை நெடுநாள் விடவில்லை. அதனால் இதை மட்டும் வைத்து ஆண்டு சொல்லாதீர்கள்.

அடுத்து தேய்மானம். இழுப்பறையின் அடிவிளிம்பு தேய்ந்திருந்தால், அலமாரிக்குள் அது ஓடும் சட்டமும் அதே இடத்தில் தேய்ந்திருக்க வேண்டும். ஒன்று தேய்ந்து மற்றது புத்தம்புதிதாக இருந்தால், சட்டத்தை மாற்றியிருக்கிறார்கள் அல்லது இழுப்பறை வேறு வீட்டுப் பிள்ளை. முதலாவது சாதாரண பழுதுபார்ப்பு. இரண்டாவது விலையைப் பாதியாக்கும் விஷயம்.

இப்போது கைப்பிடித் துளைகள். புதியவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். முன்பலகையின் உள்பக்கத்தில் எத்தனை துளைகள், அடைத்தவை உட்பட, என்று எண்ணுங்கள். பிறகு வெளிப்பக்கத்தில் எண்ணுங்கள். கைப்பிடிகளை நாகரிகத்துக்கேற்ப மாற்றுவது அந்நாளில் வழக்கம். உள்ளே ஆறு துளையும் வெளியே அதற்கு நேராக அடைத்த தடங்களும் இருந்தால் கவலையில்லை. உள்ளே ஆறு இருந்து வெளியே இரண்டு மட்டும் இருந்தால்? துளை போட்ட பிறகு முகத்தில் புதிதாக வெனீர், அதாவது அழகுக்காக ஒட்டும் மெல்லிய மரத்தகடு, ஒட்டியிருக்கிறார்கள். எளிய ஓக் பெட்டிக்கு வால்நட் வெனீர் ஒட்டி "ராணி ஆன் காலத்தது" என்று விற்கும் வேலை பெரும்பாலும் இந்த ஒரு எண்ணிக்கையில் வெளியே வந்துவிடும்.

வெனீரின் கனத்தை விளிம்பில் பாருங்கள். கை ரம்பத்தால் அறுத்த பழைய வெனீர் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் தடிமனாவது இருக்கும், அதுவும் சீராக இருக்காது. காகிதம்போல மெல்லியது இயந்திரத்தில் சீவியது.

ரம்பத் தடமும் பேசும். பின்பலகையில் தடங்கள் நேராக, ஒழுங்கில்லாமல் இருந்தால் கையால் அறுத்தது. வில்போல் வளைந்த தடங்கள் வட்ட ரம்பத்தின் வேலை, அதாவது 19-ஆம் நூற்றாண்டு. திருகாணி ஒன்றைக் கழற்ற அனுமதி கிடைத்தால் கழற்றுங்கள். முனை மழுங்கி, தலையின் வெட்டு நடுவில் இல்லாமல் ஒதுங்கியிருந்தால் பழைய கைவேலை. கூர்முனைத் திருகாணி 1850-களுக்குப் பிறகே பரவலானது. ஒரு திருகாணி பிந்தியது என்பதற்காக முழுப் பொருளையும் பிந்தியது என்று தள்ளவும் கூடாது. கீலை மாற்றும்போது திருகாணியையும் மாற்றியிருப்பார்கள்.

மரத்தின் வகை ஒரு கீழ் எல்லையைத் தரும். பிரிட்டன் 1721-ல் தன் அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து வரும் மரத்துக்கான இறக்குமதி வரியை நீக்கிய பிறகுதான் மகாகனி மெல்ல மெல்ல வால்நட்டின் இடத்தைப் பிடித்தது. மகாகனியில் செய்த மேசைக்கு 1690 என்று யாராவது சொன்னால், இன்னொரு முறை அடியில் பாருங்கள்.

4. சுருக்கம், துளை, சாயம்

மரம் வரிக்குக் குறுக்காகச் சுருங்கும், வரியின் நீளவாக்கில் ஏறக்குறைய சுருங்காது. இருநூறு ஆண்டு ஆன வட்ட மேசையை இரண்டு திசையிலும் அளந்தால் சில மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்க வேண்டும். ஒற்றைப் பலகையில் செய்த மேசை எந்தத் திசையில் அளந்தாலும் கச்சிதமான வட்டம் என்றால், மேல்பலகை புதிது அல்லது திரும்ப வெட்டியது.

பூச்சித் துளை இருந்தால் பழமை என்று எண்ணுவது பெரிய தவறு. பூச்சி மரத்துக்குள்ளே வளைந்து வளைந்து தின்று, வெளியேறும்போது மட்டும் சின்ன வட்டத் துளை போடும். மேற்பரப்பில் நீளவாக்கில் சுரங்கம் திறந்து கிடந்தால், பூச்சி தின்ற பழைய பலகையைப் பிறகு யாரோ அறுத்திருக்கிறார்கள் என்று பொருள். பழைய மரம், புதிய மேசை. துளையின் விளிம்பு வெளுப்பாக, கூர்மையாக, கீழே மாவு உதிர்ந்தால் பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது. அதை உடனே மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள்.

அடிப்பக்கத்துக்குச் சாயம் பூசியிருந்தால் சந்தேகப்படுங்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு அந்நாள் தச்சர் சாயம் பூசி நேரத்தை வீணாக்கவில்லை. அங்கே சாயம் பூசுபவர் எதையோ மறைக்கிறார்.

5. மேலும் கீழும் ஒன்றாகப் பிறந்தவையா?

மேலே கண்ணாடி அலமாரியும் கீழே எழுதுமேசையும் கொண்ட பொருள்களில் இரண்டு பாதிகள் வேறு வேறு வீட்டிலிருந்து வந்து சேர்வது சகஜம். வியாபாரத்தில் இதை "மேரேஜ்" என்பார்கள்.

மேல்பாதியைத் தூக்கி, கீழ்ப்பாதியின் மேற்பரப்பைப் பாருங்கள். அலமாரி உட்காரும் இடத்துக்கு விலையுயர்ந்த வெனீர் ஒட்ட எவரும் காசு செலவழித்திருக்க மாட்டார்கள். அங்கே அழகான வெனீர் இருந்தால், கீழ்ப்பாதி ஒரு காலத்தில் தனியாக நின்றது. பிறகு இரண்டின் பின்பலகைகள், மூட்டுகள், பக்க மரத்தின் வரி எல்லாவற்றையும் ஒப்பிடுங்கள்.

இதற்கு நேர்மாறான மோசடியும் உண்டு. உயரமான இரட்டைப் பெட்டி அலமாரியைப் பிரித்து இரண்டு தாழ்வான அலமாரிகளாக விற்பது. மேல்பாதியின் உச்சி கண்ணுக்கு எட்டாத உயரத்தில் இருந்ததால் அது வெறும் பைன் பலகையாக இருக்கும். விற்பதற்காக அதற்குப் புது வெனீர் ஒட்டுவார்கள், கீழே புதுக் கால் வைப்பார்கள். மேல்பலகையின் நிறம் பக்கங்களோடு ஒட்டாமல் இருந்தால் அப்படித்தான் இருக்கும்.

6. லாங்கேஸ் கடிகாரம்: தலையைக் கழற்றிய பிறகே பேச்சு

கிராண்ட்ஃபாதர் கடிகாரம் என்று நம்மில் பலர் சொல்வதைத்தான் ஏலத்தில் லாங்கேஸ் என்று எழுதுவார்கள். அதில் மூன்று தனித்தனிப் பொருள்கள் இருக்கின்றன: மரப்பெட்டி, டயல், இயந்திரம். மூன்றும் முதலிலிருந்தே ஒன்றாக இருந்தவையா என்பதுதான் நீங்கள் விடை காண வேண்டிய கேள்வி.

முதலில் ஹுட் என்னும் தலைப்பகுதியை மெதுவாக முன்னால் இழுத்துக் கழற்றுங்கள். பிறகு பெண்டுலம், எடைக்கற்கள். எடைக்கல்லை எடுக்கும்போது இன்னொருவர் இயந்திரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பல கடிகாரங்களில் இயந்திரம் உட்காரும் பலகை பெட்டியோடு ஆணியடித்து இருக்காது. கற்களின் பாரம் போனதும் டயலின் கனத்தில் இயந்திரம் முன்னால் கவிழும். கடிகாரம் ஓடுகிறதா என்று பார்க்கும் ஆசையில் சாவி கொடுக்காதீர்கள். எண்ணெய் காய்ந்த இயந்திரம் தேய்ந்து போகும்.

சரி, இப்போது டயல். சதுரப் பித்தளை டயல் முதலில், மேலே வளைவு சேர்ந்தது சுமார் 1720 வாக்கில், வெள்ளை வர்ணம் பூசிய இரும்பு டயல் சுமார் 1770 முதல். கிராமப்புறங்களில் சதுர டயல் அதற்குப் பிறகும் நெடுநாள் நீடித்தது. இங்கிருந்தே ஒரு சோதனை கிடைக்கும்: பெயரில் இருக்கும் கடிகாரக்காரர் 1750-க்கு முன் இறந்தவர், டயலோ வர்ண டயல். இரண்டும் சேராது.

சாவித் துளை இரண்டு இருந்தால் எட்டு நாள் ஓடும் கடிகாரம். துளையே இல்லாவிட்டால் முப்பது மணி நேரக் கடிகாரம். சங்கிலியையோ கயிற்றையோ இழுத்துச் சாவி கொடுப்பது. எட்டு நாளுக்கு மதிப்பு கூடுதல் என்பதால் சில முப்பது மணிக் கடிகாரங்களில் பொய்த் துளைகள் வைத்தார்கள். பின்னாலிருந்து டார்ச் அடித்தால் துளைக்குப் பின்னால் சதுரத் தண்டு இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். சாவித் துளை டயலின் செதுக்கு வேலையையோ ஓவியத்தையோ வெட்டிக்கொண்டு போனால், அந்த இயந்திரத்துக்காகச் செய்த டயல் அல்ல அது.

டயலைத் தாங்கும் சின்னத் தூண்கள் இயந்திரத்தின் முன்தகட்டில் செருகியிருக்கும். முன்தகட்டில் பயன்படாத துளைகள் இருந்தால் அங்கே முன்பு வேறு டயல் இருந்தது. வர்ண டயல்களில் பலவற்றுக்கு இடையில் ஒரு இரும்புத் தகடு இருக்கும், பர்மிங்ஹாம் டயல் செய்தவரின் பெயரும் அதில் வார்த்திருக்கும். டயலின் முகத்தில் இருக்கும் பெயர் பெரும்பாலும் உள்ளூரில் விற்றவருடையது. குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பெயரை லூப் வைத்துப் பாருங்கள். பழைய பெயரைச் சுரண்டிவிட்டுப் புதிதாகச் செதுக்கியிருந்தால் பித்தளை அந்த இடத்தில் லேசாகக் குழிந்திருக்கும். சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும். வர்ண டயலில் சுற்றிலும் மெல்லிய வெடிப்புக் கோடுகள் ஓடி, பெயர் மட்டும் அவற்றின் மேலே வழுவழுப்பாக உட்கார்ந்திருந்தால் பெயர் பிந்தியது. புகழ்பெற்ற ஆங்கிலேயக் கடிகாரக்காரர் தாமஸ் டாம்பியன் 1713-ல் இறந்தவர். அவர் பெயர் தாங்கிய எதையும் நிபுணரிடம் காட்டாமல் ஒரு வரியும் எழுதாதீர்கள்.

கடைசியாகப் பெட்டி. ஹுட்டின் ஜன்னல் டயலின் விளிம்பைச் சரியாகச் சுற்றி நிற்க வேண்டும். டயலின் ஓரம் மறைந்தாலோ இடைவெளி தெரிந்தாலோ சந்தேகம். இயந்திரப் பலகையின் கீழ் புதிய மரத்துண்டு வைத்து உயர்த்தியிருக்கிறார்களா? பலகையில் தேவையற்ற துளைகள் உண்டா? பெட்டியின் உட்புறப் பின்பலகையில் பெண்டுலக் குண்டு உரசிய தடம் இருந்தால், இப்போதைய குண்டு அந்த உயரத்தில்தான் தொங்குகிறதா? ஒரு விநாடிக்கு ஒருமுறை அடிக்கும் பெண்டுலம் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் இருக்கும், அதை வைத்துப் பார்க்கலாம்.

பெட்டியின் அடிப்பகுதி ஈரத் தரையில் நின்று மக்குவது வழக்கம், கூரை தாழ்ந்த வீட்டுக்காகக் காலை வெட்டுவதும் உண்டு. கீழ்ப்பகுதி மற்ற பகுதிகளோடு ஒப்பிடும்போது குட்டையாகத் தெரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள். உச்சியில் இருக்கும் பித்தளை உருண்டைகள் மாறியிருப்பது பெரிய குறையல்ல.

7. பிராக்கெட் கடிகாரம்

சுருள்வில்லால் ஓடும் மேசைக் கடிகாரத்தில் பின்தகட்டைப் பாருங்கள். சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக விடுவிக்கும் அமைப்பில் வெர்ஜ் என்பது பழைய வகை, ஆங்கர் என்பது பிந்திய வகை. பழையவை வெர்ஜ் முறையில் ஓடியவை. நேரம் இன்னும் சரியாகக் காட்டட்டும் என்று 19-ஆம் நூற்றாண்டில் பலவற்றை ஆங்கர் முறைக்கு மாற்றினார்கள். சிலவற்றைப் பிற்காலத்தில் மறுபடி வெர்ஜுக்குத் திருப்பினார்கள். பின்தகட்டின் செதுக்கு வேலைக்கு நடுவே அடைத்த துளைகள் இருந்தால் மாற்றம் நடந்திருக்கிறது. மாற்றியது குற்றமில்லை, எழுதாமல் விடுவதுதான் குற்றம்.

8. வெள்ளி: முத்திரையை இந்த வரிசையில் படியுங்கள்

புதியவர் எவரும் முதலில் தேடுவது தேதி எழுத்தை. தரம், ஊர், அரசர் தலை மூன்றையும் பார்த்த பிறகே அதைப் படிக்க வேண்டும். ஒரே எழுத்து ஒரு ஊரில் ஓர் ஆண்டையும் இன்னொரு ஊரில் வேறு ஆண்டையும் குறிக்கும், ஒரே ஊரிலும் சுற்றுச் சுற்றாகத் திரும்ப வரும்.

முதலில் தரம். நடக்கும் சிங்கம் இருந்தால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. பிரிட்டானியா என்னும் உட்கார்ந்த பெண் உருவம் இருந்தால் 958 தரம். 1697 முதல் 1720 வரை இது கட்டாயம், அதற்குப் பிறகு விருப்பம். இரண்டும் இல்லாமல் ஈ.பி.என்.எஸ். என்ற எழுத்துகள் சின்னச் சின்னக் கேடயங்களுக்குள் இருந்தால் அது நிக்கல் கலவையின் மேல் மின்முலாம். ஹால்மார்க்போலத் தோன்றட்டும் என்றே அப்படி அடித்தார்கள். மின்முலாம் 1840-ல் பர்மிங்ஹாமின் எல்கிங்டன் நிறுவனம் காப்புரிமை பெற்ற பிறகு வந்தது. அதற்கு முந்திய பழைய ஷெஃபீல்ட் பிளேட் வேறு: செம்புத் தகட்டோடு வெள்ளியை உருக்கி இணைத்தது. விளிம்புகளில் செம்பு சிவப்பாக எட்டிப் பார்க்கும்.

இரண்டாவது ஊர். சிறுத்தைத் தலை லண்டன், நங்கூரம் பர்மிங்ஹாம், கிரீடம் ஷெஃபீல்ட், கோட்டை எடின்பரோ. வெள்ளியின் தரம் பார்த்து முத்திரையிடும் சோதனைக் கூடத்தை பர்மிங்ஹாமும் ஷெஃபீல்டும் 1773-ல்தான் பெற்றன. நங்கூரத்தோடு 1750 என்று எழுதிய சீட்டு வந்தால் சீட்டைத் தூக்கிப்போடலாம்.

மூன்றாவது அரசர் தலை. வரி கட்டியதற்கு அடையாளமான இது 1784 டிசம்பர் முதல் 1890 வரை மட்டுமே.

இப்போதுதான் எழுத்து. லண்டனில் இருபது எழுத்துகள் ஒரு சுற்று: ஏ முதல் யூ வரை, ஜே கிடையாது. ஒரு கரண்டியில் சாதாரணச் சிறிய 'ஏ' இருக்கிறது என்று வையுங்கள். லண்டனில் அது 1776, 1816, 1896 உட்படப் பல ஆண்டுகளில் வந்திருக்கிறது. இந்த மூன்றை மட்டும் எப்படிப் பிரிப்பது? சிறுத்தையின் தலையில் கிரீடம் உண்டு, அரசர் தலை இல்லை என்றால் 1776. கிரீடமும் அரசர் தலையும் இருந்தால் 1816. இரண்டுமே இல்லாவிட்டால் 1896, ஏனென்றால் சிறுத்தை 1821-ல் கிரீடத்தை இழந்தது. எழுத்து ஒன்றை மட்டும் அட்டவணையில் தேடியவர் நூற்றிருபது ஆண்டு தவறலாம். அக்காலத்தில் லண்டனில் எழுத்து மே மாதம் மாறியது, அதனால் "1816–17" என்று எழுதுவதே சரி.

செய்தவரின் எழுத்துகள் கடைசி. அவற்றைச் சுற்றியிருக்கும் கட்டத்தின் வடிவத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒரே முதலெழுத்து பலருக்கு இருந்தது. எச்.பி. என்று இருந்த உடனே புகழ்பெற்ற வெள்ளிக் கைவினைஞர் ஹெஸ்டர் பேட்மேன் என்று எழுதிவிடாதீர்கள்.

9. முத்திரை சரி, பொருள் சரியா?

முத்திரை உண்மையாக இருந்து பொருள் பொய்யாக இருப்பதுதான் வெள்ளியில் ஆபத்து. உடைந்த சின்னப் பொருளின் முத்திரைத் துண்டை வெட்டி, பெரிய காப்பிக் குடத்தின் அடியில் பற்றவைப்பார்கள். முத்திரையின் மேல் வாயால் ஊதி ஆவி படியச் செய்யுங்கள். ஆவி கலையும் நொடியில் அதைச் சுற்றிப் பற்றவைப்புக் கோடு தெரிந்தால் கதை முடிந்தது. கரண்டியில் இருப்பதுபோல முத்திரைகள் நெருக்கமான ஒரே வரிசையில் ஒரு குடத்தின் அடியில் நின்றாலும் கவனமாக இருங்கள்.

ஒரு ஜோடி மெழுகுவர்த்தித் தாங்கிகளில் முத்திரைகள் அதே சாய்வில், அதே இடைவெளியில், அதே கீறலோடு இருந்தால், ஒன்றிலிருந்து மற்றது வார்த்தெடுத்தது. கையால் அடித்த முத்திரை இரண்டு முறை ஒரே மாதிரி விழாது.

பயன்பாட்டை மாற்றிய பொருள்கள் ஏராளம். விக்டோரியா காலத்தில் பழைய பீர்க் குவளைக்கு மூக்கு வைத்து ஜாடியாக்கினார்கள். சாதாரண ஜார்ஜியன் கரண்டியின் குழியில் பழங்களைச் செதுக்கி முலாம் பூசி "பெர்ரி ஸ்பூன்" ஆக்கினார்கள். கரண்டியில் மாற்றியதை எழுதினால் போதும். குவளையில் சேர்த்த மூக்குக்கு முத்திரை இல்லாவிட்டால், சோதனைக் கூடத்துக்கு அனுப்பாமல் பிரிட்டனில் அதை வெள்ளி என்று விற்கச் சட்டம் விடாது.

அடியில் ஊசியால் கீறிய எண்களைத் தேடுங்கள். 14, 6 என்று இருந்தால் 14 அவுன்ஸ் 6 பென்னிவெயிட், அதாவது செய்தபோது இருந்த எடை. இருபது பென்னிவெயிட் ஒரு டிராய் அவுன்ஸ், ஒரு டிராய் அவுன்ஸ் 31.1 கிராம், ஆக ஏறக்குறைய 445 கிராம். இப்போது 435 காட்டினால் இயல்பான தேய்மானம். 400 என்றால் எதையோ எடுத்திருக்கிறார்கள், அநேகமாகக் குடும்பச் சின்னத்தைச் சுரண்டியிருக்கிறார்கள். அந்த இடத்தைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினால் தகடு உள்வாங்கும். 480 என்றால் பிற்காலத்தில் எதையோ சேர்த்திருக்கிறார்கள்.

தேநீர்க் குடத்தின் கழற்றும் மூடியையும் தனியாகப் பாருங்கள். அதில் குறைந்தது சிங்கமோ செய்தவர் முத்திரையோ இருப்பது நல்ல அடையாளம்.

10. குறைகளைக் கூச்சமில்லாமல் எழுதுங்கள்

குறையை எழுதினால் விலை குறையும் என்று பயந்து "வயதுக்கேற்ற தேய்மானம்" என்று ஒற்றை வரியில் முடிப்பார்கள். வாங்குபவர் வீட்டில் பிரித்துப் பார்த்தபின் பொருள் திரும்ப வரும். எங்கே, எவ்வளவு, எப்போது நடந்தது என்று மூன்றும் வேண்டும்: "வலப் பின்கால் பிந்தியது, மேல்பலகையில் 30 செ.மீ. வெடிப்பு, பழைய ஒட்டு. இரண்டு கைப்பிடிகள் மாறியவை."

11. விவரக் குறிப்பின் வாசகம்

இப்போதுதான் காலத்தின் பெயர் வருகிறது. "ஜார்ஜ் III மகாகனி அலமாரி" என்றால் 1760–1820-க்குள் செய்தது என்று நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள். "ஜார்ஜ் III பாணி" என்றால் பிற்காலத்தில் அந்த மாதிரியில் செய்தது. ஒரு சொல்தான் வித்தியாசம், விலையிலோ பல மடங்கு.

பெயர்களிலும் அப்படியே. தாமஸ் சிப்பன்டேல் 1754-ல் வடிவங்களைப் புத்தகமாக அச்சிட்டார். அதைப் பார்த்து நாடெங்கும் தச்சர்கள் நாற்காலி செய்தார்கள். அவர் பட்டறையில் செய்ததற்கு ரசீது போன்ற ஆவணம் வேண்டும். அது இல்லாவிட்டால் "சிப்பன்டேல் காலப் பாணி" என்பதற்கு மேல் போகாதீர்கள். லங்காஸ்டரின் கில்லோஸ் பட்டறை இதற்கு நல்ல விதிவிலக்கு. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பல பொருள்களில், இழுப்பறையின் மேல்விளிம்பு போன்ற இடங்களில், பெயரை முத்திரையிட்டார்கள். விளிம்பைத் தடவிப் பாருங்கள்.

நல்ல குறிப்பு ஒன்று இப்படி இருக்கும்: "ஜார்ஜ் III ஓக் லாங்கேஸ் கடிகாரம், சுமார் 1785. வளைவுடைய வர்ண டயல், எட்டு நாள் இயந்திரம், மணி அடிப்பது. டயலும் இயந்திரமும் ஒன்றாகச் சேர்ந்தவை. பெட்டி அதே காலத்தது, ஆனால் வேறு கடிகாரத்துக்குரியது. கால்கள் பிந்தியவை. உயரம் 208 செ.மீ." வாங்குபவருக்கு இதற்கு மேல் கேள்வி இருக்காது.

12. விலை

எந்த விலை என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். காப்பீட்டுக்கு என்றால் அதே போன்ற ஒன்றைக் கடையில் வாங்க ஆகும் செலவு. வாரிசு வரிக்கு என்றால் இறந்த நாளில் திறந்த சந்தையில் விற்றிருந்தால் கிடைத்திருக்கும் தொகை. ஏலத்துக்கு என்றால் சுத்தியல் விழும் தொகை, அதன்மேல் வாங்குபவர் கட்டும் கட்டணம் தனி. ஒரே பொருளுக்கு இந்த மூன்றும் வெகுவாக வேறுபடும்.

ஒப்பிடும்போது விற்ற விலைகளை மட்டும் எடுங்கள். இணையத்தில் கேட்கும் விலை யாரோ ஒருவரின் ஆசை.

வெள்ளிக்கு ஒரு தரைமட்டம் உண்டு: எடை, பெருக்கல் 0.925, பெருக்கல் அன்றைய வெள்ளி விலை. 500 கிராம் பொருளில் 462.5 கிராம் சுத்த வெள்ளி. இந்தக் கணக்கை மெழுகுவர்த்தித் தாங்கிக்குப் போடாதீர்கள். பலவற்றின் உள்ளே கனத்துக்காகப் பிசின் நிரப்பியிருக்கும். கத்திப் பிடிகளும் அப்படியே.

மரச்சாமானில் பழமைக்கு மட்டும் விலை கிடையாது. சாதாரண பழுப்பு மகாகனி அலமாரிகளின் விலை 2000-க்குப் பிறகு வெகுவாக இறங்கியது. சிறிய அளவு, நல்ல நிறம், கைபடாத மேற்பரப்பு, மாறாத கால்கள் இருந்தால் இன்றும் ஆள் உண்டு. இது வருத்தமான நிலைதான், ஆனால் கையால் செய்த திடமான மரப்பெட்டியை ஒரு புது அலமாரியின் விலைக்கு வீட்டுக்கு எடுத்துப்போக இது நல்ல காலமும்கூட.

13. விற்கும் முன் சட்டத்தைப் பாருங்கள்

வெள்ளித் தேநீர்க் குடத்தின் கைப்பிடியில் சூடு ஏறாமல் இருக்க இரண்டு சின்ன வெள்ளை வளையங்கள் இருக்கும். பெரும்பாலும் அவை யானைத் தந்தம். பிரிட்டனில் தந்தச் சட்டம் 2022 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கிறது; தந்தம் உள்ள பொருளை விற்பது பொதுவாகவே தடை. 1947-க்கு முன் செய்து, தந்தம் பத்து சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் விலக்கு கிடைக்கும், ஆனால் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அலமாரியின் சாவித் துளையைச் சுற்றிய தந்தத் தகட்டுக்கும் இதே விதி. பிரேசில் ரோஸ்வுட் பொருள்களை நாடு விட்டு நாடு அனுப்பவும் தனி அனுமதிகள் உண்டு.

ஊட்டி பங்களாவிலோ சென்னையின் பழைய வீட்டிலோ இப்படி ஒரு கடிகாரம் கிடைத்து, அதை லண்டன் ஏலத்துக்கு அனுப்பலாம் என்று நினைத்தால் சற்று நில்லுங்கள். நூறாண்டு கடந்த பழம்பொருளைத் தனியார் இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்ய 1972-ஆம் ஆண்டின் சட்டம் இடம் தரவில்லை. எந்தக் காலத்தது என்று உறுதியாகத் தெரியாவிட்டால், பெட்டி கட்டுவதற்கு முன் இந்தியத் தொல்லியல் துறையிடம் பழம்பொருள் அல்ல என்ற சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள்.